போவே பேராலயம்: உயரத்தால் விழவில்லை

பிரான்சின் வடக்கே, பாரிசிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் போவே என்ற ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித பேதுரு பேராலயத்தின் பலிபீடக் கூடத்தில் நின்று பக்கச் சுவரை நிதானமாகப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். தூண்களுக்கு இடையே குறுகலான கூர்வளைவுகள் நெருக்கி நிற்கின்றன. அவற்றுக்கு மேலே, சுவரின் கல் வரிசையிலேயே, இரண்டு குறுகிய வளைவுகளையும் சேர்த்து அணைத்தபடி அகலமான பழைய வளைவு ஒன்றின் தடம் ஓடுகிறது. முதலில் கட்டப்பட்டது அந்த அகல வளைவுதான். அதன் நட்டநடுவில் ஒரு தூணைப் பிற்பாடு செருகியிருக்கிறார்கள். உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியது போல.

1284 நவம்பர் 29 அன்று இந்தக் கூடத்தின் கல்கூரை இடிந்து விழுந்தது. கட்டி முடித்துச் சுமார் 12 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஐரோப்பியக் கட்டடக்கலை வரலாற்றில் இவ்வளவு பேசப்பட்ட இடிபாடு மிகச் சிலவே. பேசப்பட்ட விதம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: அளவுக்கு மீறி உயரமாகக் கட்டினார்கள், விழுந்தது. பாபேல் கோபுரக் கதையின் இன்னொரு வடிவமாக அது சொல்லப்பட்டுவருகிறது.

எனக்கு இந்தக் கதையில் எப்போதும் ஓர் இடறல். விழுந்த கூரையைப் போவே மக்கள் அதே உயரத்துக்குத்தான் திரும்பக் கட்டினார்கள். ஓர் அடியும் குறைக்கவில்லை. அந்தக் கூரை இன்றும் தரையிலிருந்து சுமார் 48 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. கோதிக் கல்கூரைகளில் அதைவிட உயரமானது வேறெங்கும் இல்லை. உயரம்தான் குற்றம் என்றால் எழுநூறு ஆண்டுகளாக அது எப்படி நிற்கிறது? இந்தக் கட்டடம் தன் வாழ்நாளில் பெரிதாக மூன்று முறை தடுமாறியிருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பழி உயரத்தின்மேல் போகாது. பக்கத்தில் நின்று தாங்கவேண்டியதன்மேல்தான் போகும்.

48 மீட்டர் என்பது எவ்வளவு

சென்னை சாந்தோம் பேராலயத்தின் ஊசிக்கோபுரம் சுமார் 155 அடி, மீட்டரில் 47. அந்தக் கோபுரத்தை அடியோடு பெயர்த்துக்கொண்டுபோய்ப் போவேயின் பலிபீடக் கூடத்துக்குள் நிறுத்தினால் நுனி கூரையில் இடிக்காமல் நிற்கும். சாந்தோமையோ புதுச்சேரியின் இருதய ஆண்டவர் பசிலிக்காவையோ பார்த்தவர்களுக்கு கூர்வளைவும் வண்ணக்கண்ணாடியும் பழக்கமானவை. அந்தப் பாணி பிறந்து வளர்ந்தது போவேயைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில்தான். பாரிசின் நோத்ர் தாம் கூரை 33 மீட்டர் அளவில் நிற்கிறது. ஷார்த்ரு சுமார் 37. அமியேன் 42-ஐத் தாண்டியது. அமியேன் போவேயிலிருந்து வடக்கே அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு ஊர்களிலும் கம்பளித் துணி வணிகம், இரண்டிலும் பணக்கார ஆயர்கள், இரண்டிலும் வேலை ஏறத்தாழ ஒரே காலத்தில் நடந்தது. பக்கத்து ஊரில் என்ன எழும்புகிறது என்பது போவே கொத்தனார்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

போட்டி மட்டுமே காரணம் என்று முடித்துவிட முடியாது. அன்றைய கட்டுநர்களுக்கு வெளிச்சம் என்பது இறையியல். சுவரைக் குறைத்துக் கண்ணாடியைக் கூட்ட வேண்டும். கல்லின் கனம் கண்ணுக்கே தெரியக்கூடாது. போவேயில் அந்த ஆசை உச்சத்துக்குப் போனது. மேல்ஜன்னலுக்குக் கீழே ஓடும் குறுகிய நடைபாதைச் சுவரைக்கூடக் கண்ணாடியால் திறந்துவிட்டார்கள். உள்ளே நிற்பவருக்குத் தலைக்குமேல் கல் இருப்பதே மறந்துபோகும்.

கட்டிய கதை

1225-ல் ஒரு தீ விபத்து. அதன்பின் ஆயர் மிலோன் தெ நாந்தேய் புதிய பேராலயம் எழுப்பத் தீர்மானித்தார். போவே ஆயர் வெறும் சமயத் தலைவர் அல்ல. அந்த ஊரின் கோமகனும் அவரே, அரசரின் முடிசூட்டு விழாவில் இடம்பெறும் ஆறு திருச்சபைப் பெருமக்களில் ஒருவரும் அவரே. தன் வருவாயில் பத்தில் ஒரு பங்கைப் பத்து ஆண்டுகளுக்குக் கட்டட நிதிக்குத் தருவதாக மிலோன் வாக்களித்தார்.

வாக்கு முழுமையாக நிறைவேறக் காலம் இடம்கொடுக்கவில்லை. 1232-33-ல் ஊரில் பெரும் கலகம். நகரத் தலைவராக வெளியூர்க்காரர் ஒருவரை அரசர் நியமித்ததில் தொடங்கி, அரசருக்கும் ஆயருக்கும் நேரடி மோதலாகவே முற்றியது. ஆயரின் வருவாயை அரசர் ஒன்பதாம் லூயி முடக்கினார். 1234-ல் மிலோன் இறந்தார். அடுத்து வந்த ஆயர்கள் காலத்தில் வேலை விட்டு விட்டு நடந்தது. 1249-ல் ஆயரான கியோம் தெ க்ரே காலத்தில் மேல் பகுதி எழும்பியது. முதலில் எண்ணியதைவிடக் கூரையை இந்தக் கட்டத்தில்தான் இன்னும் சில மீட்டர் உயர்த்தினார்கள் என்பது இந்தப் பேராலயத்தை அங்குலம் அங்குலமாக அளந்த வரலாற்றாசிரியர் ஸ்டீபன் மர்ரேயின் முடிவு.

இந்த இடத்தை ஆய்வுக்கு வருபவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். அடித்தளத்தையும் கீழ்த் தூண்களையும் போட்டவர்கள் ஒரு தலைமுறை. தலைப்பாகத்தைக் கட்டியவர்கள் அடுத்த தலைமுறை. கீழே வரைந்த கணக்கு வேறு, மேலே ஏற்றிய கட்டடம் வேறு. 1272-ல் பலிபீடக் கூடம் முடிந்து வழிபாடு தொடங்கியது. சிலுவை வடிவத்தின் நீண்ட காலான நடுக்கூடமும் இரு கைகளான குறுக்குக்கூடமும் இன்னும் கட்டப்படவில்லை. அந்த இடத்தில் பத்தாம் நூற்றாண்டின் பழைய கோவில் தாழ்ந்த கூரையோடு நின்றுகொண்டிருந்தது.

கல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது

இடிந்ததன் காரணத்துக்குப் போகுமுன் கட்டடம் நிற்கும் முறையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கல்வளைவுக் கூரையின் எடை நேர் கீழே மட்டும் இறங்காது, வெளிப்புறமாகவும் தள்ளும். இரண்டு சீட்டுகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திப் பாருங்கள். அடி வழுக்கி விரிந்துகொண்டே போகும். அடியில் இரண்டு பக்கமும் புத்தகம் வைத்தால் நிற்கும். கூர்வளைவு அந்த வெளித்தள்ளலைக் குறைக்கும், ஒழித்துவிடாது. மிச்சத்தை வாங்கிக்கொள்ளச் சுவருக்கு வெளியே, காற்றில் பாலம்போல, சாய்ந்த அரைவளைவுகளைக் கட்டினார்கள். உதைவளைவு என்று சொல்லலாம். நம்மூரில் சாயும் சுவருக்கு உதைகால் கொடுப்பதில்லையா, அதேதான். மரத்துக்குப் பதில் கல். உதைவளைவு தான் வாங்கிய தள்ளலை வெளியே நிற்கும் கனத்த உதைசுவரிடம் கொடுக்கும். அது தன் எடையால் அந்தத் தள்ளலைத் தரைக்குள் இறக்கிவிடும்.

கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. சுண்ணாம்புச் சாந்து இழுவிசைக்கு இன்னும் பலவீனம். கேம்பிரிட்ஜின் பொறியியல் பேராசிரியர் ஜாக் ஹேமன் 1960-களில் கல் கட்டடங்களைக் கணக்கிட்டுக் காட்டியது பலருக்கு வியப்பாக இருந்தது: இவ்வளவு பிரம்மாண்டமான பேராலயங்களின் தூண்களில்கூட அழுத்தம், கல் நொறுங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலே அதிகம். அதாவது எடை அதிகமாகிக் கல் நசுங்கி இந்தக் கட்டடங்கள் விழுவதில்லை. வடிவம் கெட்டால்தான் விழும். ஏதோ ஒரு முட்டு நகர்ந்து, தள்ளல் பாயும் கோடு கல்லின் தடிமனைவிட்டு வெளியே போனால் விழும். 'அதிக உயரம், அதிக எடை, ஆகவே நசுங்கியது' என்ற பழைய விளக்கம் இந்த ஒரே கணக்கில் அடிபட்டுப்போகிறது.

போவேயில் வெளிப்புறத் துணை ஒரே தாவலில் முடியவில்லை. பலிபீடக் கூடத்தின் இருபுறமும் இரண்டிரண்டு பக்கக்கூடங்கள். உட்பக்கக்கூடம் வெளிப்பக்கக்கூடத்தைவிட மிக உயரம். ஆகவே உதைவளைவுகள் இரண்டு தாவலாகப் பாய்கின்றன: சுவரிலிருந்து இடைத்தூணுக்கு, இடைத்தூணிலிருந்து வெளி உதைசுவருக்கு. ஆற்றின் நடுவே ஒரு கால் ஊன்றிப் பாலம் கட்டுவது போல. அந்த நடுக்கால்தான் இந்த வழக்கின் முக்கியச் சாட்சி.

நடுக்கால் மெலிந்தது, மிக உயரமானது. அத்தோடு இன்னொரு குறை: அதன் மேல்பாகம் கீழ்த்தூணின் தலைக்கு நேர்மேலே உட்காரவில்லை. உட்புறமாக விலகி, ஓரளவு பக்கக்கூடத்தின் வளைவுகள்மீது தொங்கலாக நிற்கிறது. கீழே ஒரு தலைமுறை, மேலே ஒரு தலைமுறை என்று சொன்னேனே, அந்த இரண்டு கணக்குகள் முட்டிக்கொண்ட இடம் இதுதான்.

அந்த இரவும் மூன்று விளக்கங்களும்

நவம்பர் 29 இரவு எட்டு மணிக்குப் பலிபீடக் கூடத்தின் பெரும் வளைவுகள் விழுந்தன, வெளித்தூண்கள் பல உடைந்தன, பெரிய ஜன்னல்கள் நொறுங்கின, புனிதர்களின் எலும்புப் பேழைகள் தப்பின, நாற்பது ஆண்டுகள் அங்கே வழிபாடு நின்றது என்கிறது பழைய பதிவு. காரணம் எதையும் அது சொல்லவில்லை. முன்கூட்டியே விரிசல் கண்டதாகவோ, கொத்தனார் யாரையும் தண்டித்ததாகவோ அதில் பேச்சில்லை.

ஆகவே ஆய்வாளர்கள் கட்டடத்தையே கேட்க வேண்டியிருந்தது. முதல் தடயம், எது விழுந்தது என்பதல்ல. எது விழவில்லை என்பது. பலிபீடத்தைச் சுற்றி அரைவட்டமாக வளையும் கிழக்குக் கோடி அப்படியே நின்றது. அதன் உயரமும் அதே 48 மீட்டர்தான். விழுந்தது அதற்கு மேற்கே உள்ள நேர்ப்பகுதி. அரைவட்டத்தில் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன, உதைவளைவுகளும் நெருக்கம். நேர்ப்பகுதியில் தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி மிக அதிகம். ஒவ்வொரு துணையும் ஏற்கவேண்டிய பங்கும் அதனால் அதிகம். உயரம் இரண்டுக்கும் பொது. துணையின் நெருக்கம்தான் வேறு. எனக்கு இதைவிட வலுவான சான்று தேவைப்படவில்லை.

துணை எந்த இடத்தில் கைவிட்டது என்பதில்தான் மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோத்ர் தாமைப் புதுப்பித்த வியொலே-ல-துக், மேல்மட்டத்தில் உதைவளைவின் தலையைத் தாங்கி நின்ற மெல்லிய இரட்டைத் தூண்களைச் சுட்டினார். முக்கியத் தூண் சிறு கற்களை வரிசை வரிசையாகச் சாந்து வைத்து அடுக்கியது. சுண்ணாம்புச் சாந்து இறுகப் பல ஆண்டுகள் எடுக்கும், இறுகும்போது சுருங்கும். நூற்றுக்கணக்கான வரிசைகளில் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சுருங்கினால் தூண் மொத்தமாகக் கொஞ்சம் இறங்கிவிடும். பக்கத்தில் நின்ற மெல்லிய தூண்களோ நீண்ட கற்களால் ஆனவை, சாந்து மூட்டுகள் குறைவு, ஆகவே அவை சுருங்கவில்லை. பெரியவன் குனிந்ததும் சின்னவன் தலையில் சுமை ஏறியது. சின்னவன் ஒடிந்தான். மேலே உதைவளைவு உட்கார இடமில்லாமல் போயிற்று. ஹேமனும் பின்னாளில் இந்த மெதுவான இறக்கத்தின் பக்கமே சாய்ந்தார். 12 ஆண்டுகள் ஏன் பிடித்தன என்ற கேள்விக்கு இதில் நேரான பதில் இருக்கிறது.

1976-ல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் மார்க் வேறு வழியில் வந்தார். கட்டடத்தின் குறுக்குவெட்டை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் சிறு மாதிரியாக வெட்டி, எடைகளைத் தொங்கவிட்டு, சூடாக்கி ஆறவிட்டால் உள்ளே ஏற்பட்ட விசை அப்படியே உறைந்துவிடும். ஒரே தளத்தில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில் பிடித்துப் பார்த்தால் விசை அதிகமுள்ள இடங்கள் நிறப்பட்டைகளாக நெருங்கித் தெரியும். போவேயின் மாதிரியில் சொந்த எடையை மட்டும் ஏற்றினால் பெரிய சிக்கல் இல்லை. ஆங்கிலக் கால்வாய்ப் பக்கமிருந்து வரும் புயற்காற்றையும் சேர்த்தால் அந்த நடுக்காலில் இழுவிசை வந்தது. இழுவிசை வந்த இடத்தில் சாந்து பிளக்கும். பிளவில் மழை இறங்கும். அடுத்த குளிர்காலத்தில் இன்னொரு புயல். இப்படிப் பன்னிரண்டு குளிர்காலங்கள். நடுக்கால் ஓய்ந்ததும் உதைவளைவு தள்ளலை வாங்க ஆளில்லாமல் கூரை விரிந்துவிட்டது என்பது மார்க்கின் முடிவு.

மர்ரே இரண்டையும் படித்துவிட்டு, கட்டிய வரிசைக்குத் திரும்பினார். அவர் பார்வையில் நடுக்காலின் தொங்கல் நிலையும் நேர்ப்பகுதியின் அகன்ற இடைவெளியும் சேர்ந்துதான் இடிவுக்கு வழி செய்தன. அடித்தளம் போட்டபோது எண்ணிய கட்டடத்தின்மேல், எண்ணாத கட்டடத்தை ஏற்றியதன் விளைவு.

மூன்றும் ஒன்றையொன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. சாந்து சுருங்கியதும் காற்று அசைத்ததும் தொங்கல் நிலையும் ஒரே துணையமைப்பின் வெவ்வேறு பலவீனங்கள். ஒரு தீர்ப்பு எழுதச் சொன்னால் நடுக்காலின் பெயரைத்தான் எழுதுவேன். காற்று அதற்குக் கடைசித் தள்ளலைக் கொடுத்தது.

பழுது பார்த்த கொத்தனார்கள் என்ன செய்தார்கள் என்பதும் இதையே சொல்கிறது. அவர்கள் கணித வாய்பாடு அறியாதவர்கள். விழுந்த கல்லைப் பார்த்துக் கற்றவர்கள். உயரத்தைத் தொடவில்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு புதுத்தூண் வைத்தார்கள். மூன்று அகலப் பிரிவுகள் ஆறு குறுகிய பிரிவுகளாயின. நான்கு பகுதியாகப் பிரிந்திருந்த கூரைவளைவுகள் ஆறு பகுதியாக மாறின. உதைவளைவுகளையும் கூட்டினார்கள். ஆறு பகுதி வளைவு அப்போதே வழக்கொழிந்த பழைய பாணி. அழகுக்காக அதற்குத் திரும்பியிருக்க மாட்டார்கள். இந்த வேலைக்குப் பதினான்காம் நூற்றாண்டின் முதல் பாதிவரை பிடித்தது. அவர்கள் செய்த நோயறிதல் சரி என்பதற்கு, அதன்பின் அந்தக் கூரை விழவே இல்லை என்பதைவிட வேறு சான்று வேண்டுமா?

நடுக்கூடமா, கோபுரமா

பிறகு நூறாண்டுப் போர் வந்தது. வேலை நின்றது. மறுபடி உளிச் சத்தம் கேட்டது 1500-ல். குறுக்குக்கூடத்தைக் கட்ட மார்த்தேன் ஷாம்பீஜ் வந்தார், அன்றைய பிரான்சின் தலைசிறந்த கல்தச்சர்களில் ஒருவர். அவருக்குப்பின் வேலை ழான் வாஸ்த் கைக்குப் போனது. 1548-ல் குறுக்குக்கூடம் முடிந்தது. தெற்கு முகப்பைப் பார்த்தால் கல்லா, பின்னிய சரிகையா என்று தோன்றும். நெடிய இடைவெளிக்குப்பின் கட்டியும் பழைய கூடத்தின் உயரத்துக்கே கொண்டுவந்து இணைத்தார்கள். அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இப்போது மிச்சம் நடுக்கூடம். சிலுவை வடிவத்தின் நீண்ட கால். கையில் இருந்த பணத்தை அதில் போட்டிருக்க வேண்டும். குருக்கள் மன்றம் வேறு முடிவெடுத்தது: பலிபீடக் கூடமும் குறுக்குக்கூடமும் சந்திக்கும் இடத்தின்மேல் ஒரு கோபுரம். கல்லிலா, மரத்திலா என்று நீண்ட விவாதம் நடந்தது. கடைசியில் கீழே கல் அடுக்குகள், மேலே மரத்தாலான ஊசிக்கோபுரம் என்று முடிவாகி, 1569-ல் 153 மீட்டர் உயரத்தில் எழும்பி நின்றது. அன்றைய உலகில் மனிதன் கட்டியவற்றில் அதைவிட உயரமாக எதுவும் நிற்கவில்லை.

சந்திப்பின் நான்கு பெருந்தூண்களை மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே பலிபீடக் கூடம் முட்டுக்கொடுக்கிறது. வடக்கிலும் தெற்கிலும் குறுக்குக்கூடத்தின் இரண்டு கைகள். மேற்கே? நடுக்கூடம் நிற்கவேண்டிய இடத்தில் வெற்றிடம். நான்கு பேர் பிடிக்க வேண்டிய பல்லக்கை மூன்று பேர் பிடித்தார்கள்.

1571-ல் அரசரின் கொத்தனார்கள் வந்து தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தார்கள். மேற்குத் தூண்கள் நடுக்கூடத்தின் திசையில் சாய ஆரம்பித்திருந்தன. உடனே நடுக்கூடத்தின் முதல் பிரிவுகளைக் கட்டி முட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். நோயும் மருந்தும் அந்த அறிக்கையில் துல்லியமாக இருந்தன. மன்றம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தாமதித்தது. 1573 ஏப்ரலில் ஒருவழியாக வேலை தொடங்கியது. தொடங்கிய சில நாட்களில் காலம் கடந்துவிட்டது.

1573 ஏப்ரல் 30, ஆண்டவரின் விண்ணேற்றப் பெருவிழா. காலை வழிபாடு முடிந்து குருக்களும் மக்களும் பவனியாக வெளியே போயிருந்தார்கள். கோபுரம் அப்போது விழுந்தது. அரை மணி முன்னே பின்னே ஆகியிருந்தால் எத்தனை பேர் உள்ளே இருந்திருப்பார்கள் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. நான்கு ஆண்டுகள்தான் நின்றது அந்தக் கோபுரம்.

இங்கேயும் 'உயரம்' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. 153 மீட்டர் கோபுரம் தாங்காத சுமை என்பது உண்மையா? இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 123 மீட்டர், பிரான்சின் ஸ்திராஸ்பூரில் 142 மீட்டர் என இடைக்காலக் கல்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. சாலிஸ்பரியின் தூண்களும் வளைந்துதான் இருக்கின்றன. ஆனால் அதன் நான்கு பக்கமும் கட்டடம் இருக்கிறது. போவேயில் மேற்குப் பக்கம் காலி. நடுக்கூடம் கட்டியபின் கோபுரம் எழுப்பியிருந்தால் அது நின்றிருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வரிசை மாறியதுதான் அதைச் சாய்த்தது என்று மட்டும் சொல்வேன். அரசரின் கொத்தனார்களும் அதைத்தானே எழுதினார்கள்.

இடிபாட்டைச் சரிசெய்யவே இருந்த பணம் போய்விட்டது. நடுக்கூடத்தின் ஒரே ஒரு பிரிவு மட்டும் எழும்பியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்குப் பக்கத்தைச் சுவர் வைத்து அடைத்தார்கள். அதன்பின் கட்டவில்லை.

இரும்பைக் கழற்றிய கதை

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பேராலயம் சூறையாடப்பட்டது. 1860-களில் ஒகுஸ்த்-லூசியன் வெரிதே 90,000 உறுப்புகள் கொண்ட வானியல் கடிகாரம் ஒன்றைச் செய்து உள்ளே நிறுவினார். பார்க்கப் போகிறவர்கள் பாதிப்பேர் அதைப் பார்க்கத்தான் போகிறார்கள். 1940 ஜூனில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் பழைய ஊர் பெரும்பாலும் எரிந்து சாம்பலானது. தெருத்தெருவாக இடிந்து கிடக்க, நடுவில் பேராலயம் நின்றது. காற்றுக்கு விழும் என்று பேர் வாங்கிய கட்டடம் குண்டுக்குத் தப்பியது.

மூன்றாவது தடுமாற்றம் நம் காலத்தைச் சேர்ந்தது. அது ஏனோ அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ மூன்றிலும் அதுதான் அதிகம் வருத்தம் தருகிறது.

வெளியே நிற்கும் உயரமான மெல்லிய உதைத்தூண்களுக்கு இடையே இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன, ஒரு தூணை அடுத்த தூணோடு இழுத்துக் கட்டியபடி. உதைவளைவுகள் உள்ளிருந்து வெளியே வரும் தள்ளலைத்தான் வாங்கும். கிழக்கு மேற்காக, வரிசையின் நீளவாக்கில் தூண்கள் ஆடினால் அதைத் தடுக்க உதைவளைவால் முடியாது. அந்த வேலையைச் செய்தவை இந்தக் கம்பிகள்.

1960-களில் இவை பேராலயத்தின் அழகைக் கெடுக்கின்றன, தேவையும் இல்லை என்று கருதிக் கழற்றிவிட்டார்கள். கழற்றியபின் காற்றில் உதைத்தூண்களின் ஆட்டம் கூடியது. பலிபீடக் கூடம் குறுக்குக்கூடத்திலிருந்து விலகத் தொடங்கியது. அலறியடித்துக்கொண்டு மறுபடி கம்பி போட்டார்கள், இம்முறை எஃகில். எஃகு பழைய இரும்பைப்போல இழுபட்டு வளைந்துகொடுக்காது. கட்டடத்தை இறுக்கிப் பிடித்தது. கல் கட்டடத்துக்குச் சிறு அசைவு வேண்டும். இறுகியதால் வேறு இடங்களில் விரிசல் வந்திருக்கக்கூடும் என்ற ஐயம் பொறியாளர்களிடையே இருக்கிறது.

1284-ன் கொத்தனாருக்கு முன்மாதிரி கிடையாது. அவ்வளவு உயரத்தில் அவருக்கு முன் யாரும் கட்டியதில்லை. 1571-ன் குருக்கள் மன்றத்துக்கு எச்சரிக்கை கையில் இருந்தது. 1960-களில் ஹேமனின் கணக்குகளே வரத் தொடங்கிவிட்டன. இரண்டு இடிவுகளின் வரலாறும் எல்லோருக்கும் தெரியும். இருந்தும், கண்ணை உறுத்தும் ஒரு துணை, வேலையற்ற துணையாகத் தெரிந்துவிட்டது. பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் யாரும் இந்த ஒரு செய்தியையாவது மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்: ஒரு கம்பி ஏன் இருக்கிறது என்று தெரியாதவரை அதைத் தொடக்கூடாது.

1990-களில் குறுக்குக்கூடத்தின் உள்ளேயே மரமும் எஃகும் சேர்ந்த பெரும் சட்டங்களை நிறுத்தித் தூண்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். 2001-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு லேசர் கருவியால் உள்ளும் புறமும் அளந்து, கட்டடத்தை எண்ணற்ற புள்ளிகளாகக் கணினியில் பதித்தது; மர்ரேயும் அந்தக் குழுவில் இருந்தார். எந்தச் சுவர் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதை அதன்பின் மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வழி பிறந்தது.

முட்டுச் சட்டங்களைக் கடந்து, மேற்கே அடைத்த சுவருக்கு வெளியே வந்தால் பழைய கோவில் நிற்கிறது. 'தாழ்ந்த கட்டடம்' என்பதே அதன் பெயருக்குப் பொருள். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், ரோமானியர் காலத்துச் சிறு சதுரக் கற்களைப் பொறுக்கியெடுத்துக் கட்டியது. மரக்கூரை என்பதால் வெளித்தள்ளல் கிடையாது, உதைவளைவும் தேவையில்லை. புதுப் பேராலயத்தின் நடுக்கூடம் எழும்பியிருந்தால் இதை முழுக்க இடித்திருப்பார்கள். ஒரு பகுதியை ஏற்கெனவே இடித்தும் விட்டார்கள். மிச்சமுள்ள பிரிவுகள், நாற்பத்தெட்டு மீட்டர் சுவரின் காலடியில், ஆயிரம் ஆண்டுகளாக அதே இடத்தில் இருக்கின்றன.